எண்ணியவர் யார்? தாராவியின் கணக்கெடுப்பு வரலாறும் செயற்கை நுண்ணறிவின் அறமும்

2024 மார்ச் மாதத்தில் மும்பை தாராவியின் கமலா ராமன் நகரில் ஒரு கணக்கெடுப்புத் தொடங்கியது. முதலில் ஒவ்வொரு வீட்டுக்கும் கடைக்கும் பட்டறைக்கும் தனித்தனி எண் எழுதப்பட்டது. அடுத்து லேசர் கருவி ஏந்திய குழுவினர் சந்துகளுக்குள் நடந்து சுவரையும் கதவையும் கூரையையும் அளந்தனர். மேலிருந்து ட்ரோன்கள் படமெடுத்தன. அதன்பின் கைப்பேசிச் செயலியோடு வந்தவர்கள் வீடுவீடாகச் சென்று ஆவணங்களைப் பதிவேற்றினர். இவை அனைத்தையும் இணைத்துத் தாராவியின் ‘டிஜிட்டல் இரட்டை’ ஒன்று உருவாக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. நாட்டின் குடிசைப்பகுதி மறுவாழ்வுத் திட்டங்களில் இத்தொழில்நுட்பம் இவ்வாறு பயன்படுத்தப்படுவது இதுவே முதன்முறை என்பது திட்டத்தாரின் கூற்று.

செயற்கை நுண்ணறிவின் அறம் பற்றி இப்போது நம் பல்கலைக்கழகங்களில் மாதத்துக்கு ஒரு கருத்தரங்கமாவது நடக்கிறது. பெரும்பாலான கட்டுரைகள் கலிபோர்னியாவில் தொடங்கி பிரசெல்ஸில் முடிகின்றன. மனிதரை மையமாகக் கொண்ட அமைப்புகளை இயந்திரம் எவ்வாறு மாற்றும் என்ற வினா, ஏதோ சென்ற ஐந்தாண்டில் பிறந்தது போலப் பேசப்படுகிறது. மும்பையின் தமிழ்க் குடியிருப்புகளின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால், அதே வினாவுக்கு ஐம்பதாண்டு வயது என்பது புலப்படும். மனிதரைத் தரவாக மாற்றும் உரிமை யாருக்கு, அத்தரவு பிழையானால் அதை மறுத்துப் பேசும் இடம் எது என்பவை அங்கே காகிதத்தாலும் சாக்கட்டியாலும் கேட்கப்பட்ட கேள்விகள். இப்பதிவு சற்று நீளமானது. பொறுத்தருள்க.

காலவரிசையில் முதலில் நிற்பது தாராவி அன்று, மாதுங்கா. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பம்பாயின் அலுவலகங்களுக்குத் தட்டச்சரும் சுருக்கெழுத்தரும் கணக்கரும் தேவைப்பட்டபோது தெற்கிலிருந்து வந்த நடுத்தர வர்க்கத்தினர் மாதுங்காவைச் சுற்றிக் குடியமர்ந்தனர். 1932இல் தொடங்கப்பட்ட தென்னிந்தியக் கல்விச் சங்கம் அவ்வாழ்வின் அடையாளங்களுள் ஒன்று. 1960இல் பால் தாக்கரே தொடங்கிய ‘மார்மிக்’ என்னும் மராத்தி வார இதழில், நிறுவனங்களிலும் அரசு அலுவலகங்களிலும் பணியாற்றுவோரின் பெயர்கள் தொடர்ந்து அச்சிடப்பட்டன. அப்பத்தியின் தலைப்புக்கு ‘படித்துவிட்டுச் சும்மா இருங்கள்’ என்று பொருள். விளக்கவுரை ஏதும் அதற்குத் தேவைப்படவில்லை. பெயரைப் பார்த்தாலே தென்னிந்தியர் என்பது தெரியும். தெரிந்தபின் சினம் தானே பிறக்கும் என்பதே அதன் கணக்கு. 1966 ஜூன் 19இல் சிவசேனை பிறந்தது. அந்த இயக்கத்தின் தொடக்ககாலக் கருவிகளுள் முதன்மையானது ஒரு பெயர்ப்பட்டியல் என்பதை நாம் போதிய அளவு சிந்திக்கவில்லை என்றே கருதுகிறேன். பட்டியலில் இருந்த பெயர்கள் எவையும் மறைபொருள் அல்ல. தொலைபேசி விவரத்திரட்டில் எவரும் காணத்தக்கவை. சிதறிக் கிடந்தவற்றை ஓரிடத்தில் வரிசைப்படுத்தியதும் அவை வேறொரு பொருளாயின. இன்று தரவு இணைப்பு என்று வழங்கும் செயலின் சமூக விளைவை விளக்க வகுப்பறையில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிட்டியதில்லை.

இனி செம்பூர்ப் பக்கம் வருவோம். டிராம்பேயில் அணுசக்தி நிறுவனம் 1954இல் அமைந்தது. பின்னர் பாபா அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் பெற்றது. அதன் அருகே, மான்கூர்டுப் பகுதியில் ஜனதா காலனி என்றொரு குடியிருப்பு இருந்தது. நகரின் பிற பகுதிகளிலிருந்து மாநகராட்சியே அகற்றிக் கொண்டுவந்து குடியேற்றிய மக்கள் அங்கே வாழ்ந்தனர். தமிழர் கணிசமாக இருந்தனர். கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, இளைஞராகப் பம்பாய்க்கு வந்து, தச்சு வேலை செய்து பிழைத்த ஜோக்கின் அற்புதம் என்பவர் அங்கேதான் பொதுவாழ்வைத் தொடங்கினார். குப்பை அள்ளப்படாத காலனியில் பிள்ளைகளைத் திரட்டிக் குப்பையைச் சுமந்து சென்று மாநகராட்சி அலுவலகத்தின் முன் கொட்டியது அவருடைய முதல் போராட்டமாகச் சொல்லப்படுகிறது. 1974இல் அவர் முன்னின்று உருவாக்கிய தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பு இந்தக் கதையின் நடுநாயகம்.

அணு மையத்தின் விரிவாக்கத்துக்காக அக்காலனி அகற்றப்பட வேண்டும் என்றது அரசு. பல ஆண்டுகள் வழக்கும் மறியலும் தொடர்ந்தன. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே 17இல், காவல்துறையின் துணையோடு சுமார் 70,000 பேர் வெளியேற்றப்பட்டு, டிராம்பேயின் உப்பங்கழி ஓரத்தில் சீத்தா கேம்ப் என்று இன்று வழங்கும் இடத்துக்கு மாற்றப்பட்டனர். அந்நாட்டிலேயே மிக நுட்பமான கணிதமும் கணிப்பொறியும் இயங்கிய நிறுவனங்களுள் ஒன்றின் மதிலோரத்தில் இது நிகழ்ந்தது. இதில் குறியீடு எதையும் நான் தேடவில்லை. நிலம் யாருக்கு வேண்டியிருந்தது என்பதை மட்டும் குறிக்கிறேன்.

அதே ஆண்டின் தொடக்கத்தில், 1976 ஜனவரி 4ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, மகாராஷ்டிர அரசு பம்பாயின் குடிசைகள் அனைத்தையும் ஒரே நாளில் எண்ணியது. ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்கள் களமிறக்கப்பட்டனர். ஏறத்தாழ 28 லட்சம் பேர் கணக்கில் வந்தனர். குடும்பத் தலைவரின் படம் ஒட்டிய ‘போட்டோ பாஸ்’ வழங்கப்பட்டது. வாடகை போன்றதொரு கட்டணத்தைச் செலுத்தி அந்தப் பாஸை வைத்திருப்பவர், தம் குடிசை அகற்றப்பட்டால் மாற்றிடம் கோரலாம். மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் அந்த அட்டை நெகிழி உறைக்குள், திருமணப் பத்திரிகைகளோடும் கல்விச் சான்றிதழ்களோடும் பெட்டியின் அடியில் கிடப்பதைக் காணலாம். ஒருநாள் வீட்டில் இருந்ததற்கான சான்று அது. அந்த ஞாயிறு ஊருக்குப் போயிருந்தவர், இரவுப் பணி முடிந்து எங்கோ உறங்கியவர், நடைபாதையில் வாழ்ந்ததால் குடிசைவாசி என்ற வகைக்குள்ளேயே வராதவர் ஆகியோருக்கு அச்சான்று இல்லை.

கணக்கெடுப்பு எப்படி உரிமையாக உருமாறுகிறது என்பதற்கு 1985 ஜூலை 10இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு தக்க சான்று. வாழ்வாதார உரிமை வாழ்வுரிமையின் பகுதி என்று முழங்கிய தீர்ப்பாகவே நாம் அதை மாணவருக்குக் கற்பிக்கிறோம். அதே தீர்ப்பு, முறையான அறிவிப்புக்குப் பின் வெளியேற்றலாம் என்றும், 1976 கணக்கெடுப்பில் பதிவானவர்களுக்கு மாற்றிடம் தரப்பட வேண்டும் என்றும் கூறியதை விரைவாகக் கடந்துவிடுகிறோம். ஆக, உரிமையின் அளவுகோல் ஒன்பதாண்டுக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பட்டியல். அரசமைப்பின் 21ஆம் கூற்றுக்கும் நடைபாதையில் உறங்கும் பெண்ணுக்கும் இடையில் அந்தப் பட்டியல் நின்றது.

இவ்விடத்தில்தான் எதிர்த்திசையிலிருந்து ஒரு எண்ணிக்கை தொடங்குகிறது. 1984இல் ஷீலா படேல் முதலானோர் நிறுவிய ஸ்பார்க் என்னும் அமைப்பு, பைகுலா வட்டார நடைபாதைவாசிகளை அவர்களோடு சேர்ந்தே எண்ணியது. ஏறக்குறைய 6,000 குடும்பங்களின் விவரம் அடங்கிய அவ்வறிக்கை ‘நாங்கள், கண்ணுக்குத் தெரியாதவர்கள்’ என்ற பொருள்படும் தலைப்போடு 1985இல் வெளிவந்தது. நடைபாதைவாசிகள் நேற்று வந்தவர்கள், வேலையற்றவர்கள், குற்றவாளிகள் என்ற பொதுக் கருத்தை அந்த எண்கள் தகர்த்தன. 1986இல் அந்தப் பெண்கள் சேர்ந்து உருவாக்கியதே மகிளா மிலன். ஜோக்கினின் கூட்டமைப்பும் ஸ்பார்க்கும் மகிளா மிலனும் கூட்டணியாயின.

அதே ஆண்டுதான் தாராவியின் முறை வந்தது. 1985இன் இறுதியில் காங்கிரஸ் நூற்றாண்டு விழாவுக்குப் பம்பாய் வந்த ராஜீவ் காந்தி நகருக்கு 100 கோடி ரூபாய் அறிவித்தார். அதில் ஒரு பகுதி தாராவிக்கு. திட்டமிடுவோர் கையில் இருந்த மதிப்பீடு தாராவியில் ஏறக்குறைய 55,000 குடும்பங்கள் என்றது. அவ்வெண்ணை ஏற்றால், எஞ்சியவர்கள் வெளியேற வேண்டியவர்கள். கூட்டமைப்பினர் தாங்களே எண்ணத் துணிந்தனர். அவர்கள் கண்டது 80,000க்கும் மேற்பட்ட கட்டமைப்புகள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள், ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். குடியிருப்பு மட்டுமா? சிறிதும் பெரிதுமாக 1,044 உற்பத்திக் கூடங்களையும் அவர்கள் பதிவு செய்தனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஆதிதிராவிடரும் இஸ்லாமியரும் தொடங்கி வளர்த்த தோல் தொழிலும், சௌராஷ்டிரக் குயவர்களின் கும்பார்வாடாவும் அந்த எண்ணுக்குள் இடம்பெற்றன. ‘அகற்றப்பட வேண்டிய குடிசைப்பகுதி’ என்ற சொல்லாட்சிக்கு எதிராகத் ‘தொழில் நகரம்’ என்ற சொல்லாட்சி எழ அந்த எண்ணிக்கையே அடித்தளமிட்டது எனலாம்.

இரு தரப்புக்கும் இடையிலான இடைவெளி கூட்டல் பிழையால் வந்தது அன்று. ஒரு கூரையின் கீழ் எத்தனை குடும்பம் என்ற கேள்விக்கு இரு தரப்பும் அளித்த விடை வேறு. தரைத்தளத்தில் அண்ணன், ஏணி ஏறிப் போனால் தம்பி, பகலில் பட்டறையாக இருந்து இரவில் ஏழெட்டு இளைஞர்கள் உறங்கும் அறை, சமையல் தனித்தனி ஆனால் மின் இணைப்பு ஒன்று என்றமைந்த வாழ்க்கையை எண்ணுவதற்கு முன், எதைக் குடும்பம் என்பது என்று முடிவு செய்தாக வேண்டும். எண்ணுபவர் அச்சந்தில் வாழ்பவராக இருந்தால், கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவு இருப்பது அவருக்குத் தெரியும்.

அவர்களின் முறையைச் சற்று விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது; இன்றைய விவாதத்துக்கு அது மிகத் தேவை. முதலில் வீடுகளுக்குச் சாக்கட்டியால் எண்ணிடுவர். பிறகு கையால் ஒரு வரைபடம் வரைவர்; அளவு துல்லியமாக இராது, ஆனால் குழாயும் கழிப்பறையும் கோயிலும் இருக்கும். அடுத்து வினாத்தாள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் கேள்வி கேட்க, பள்ளி சென்ற பிள்ளைகள் எழுதிக்கொள்வதும் உண்டு. இவற்றைவிட முதன்மையானது இறுதிக் கட்டம்: தொகுத்த பட்டியலை மக்கள் முன் வைப்பர். ‘என் பெயர் இல்லை’, ‘அவர் இங்கு வாழவில்லை, வாடகைக்கு விட்டிருக்கிறார்’, ‘இந்த வீட்டில் இரண்டு அடுப்பு’ என்று சண்டை மூளும். சண்டை முடிந்த பின்னரே பட்டியல் முடியும். ஒரு குடியிருப்பு தன்னைப் பற்றித் தானே பேசிக்கொள்ளும் முதல் பொதுக்கூட்டமாக அது பல இடங்களில் அமைந்தது. கணக்கெடுப்பின் வழியே அமைப்பு பிறந்தது. அமைப்பு தன் தேவைக்காகக் கணக்கெடுத்தது என்று மட்டும் அதைச் சுருக்கிவிட முடியாது.

அர்ஜுன் அப்பாதுரை 2001இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதனைக் ‘கீழிருந்து எழும் ஆளுகை’ என்ற கருத்தால் விளக்கியது. அரசு மக்களைத் தனக்குப் படிக்கத்தக்கதாக ஆக்கும் கருவியே கணக்கெடுப்பு என்ற ஜேம்ஸ் ஸ்காட்டின் நோக்குக்கு அது ஓர் எதிர்முகம். ஜோக்கினோ தம் அனுபவத்தை ‘மக்களை மையமாகக் கொண்ட வளர்ச்சி’ என்ற எளிய தொடரால் குறித்தார். மனித மைய அமைப்பு என்று மேலாண்மைத் துறையினர் இன்று எதைச் சொல்கிறார்களோ, அதன் பொருள் எனக்கு இங்கிருந்தே விளங்குகிறது. சுவரில் தொங்கும் நோக்க அறிக்கையை வைத்து ஓர் அமைப்பை அப்படி அழைக்க இயலாது. தன்னைப் பற்றிய பதிவைத் திருத்தும் ஆற்றல் அதன் மனிதருக்கு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

ஆனால் நாம் பக்தி இலக்கியம் எழுதவில்லை. இக்கூட்டணியின் மீது கடுமையான விமரிசனங்கள் உண்டு. ரயில் பாதையோரக் குடியிருப்புகளை எண்ணி, அம்மக்களை மாற்றிடங்களுக்கு நகர்த்தும் பணியில் அது அரசோடும் உலக வங்கியோடும் கைகோத்தது. மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டத்தில் மாற்றிடம் பெற்றவர்களும் கடைக்காரர்களும் அளித்த முறையீடுகளின் பேரில் உலக வங்கியின் ஆய்வுக் குழு 2005இல் அறிக்கை தந்தது. 2006இல் நிதி வழங்கல் சில காலம் நிறுத்திவைக்கப்பட்டது. தானே எண்ணும் சமூகம் தன்னுள் வலுவற்றவரை, குறிப்பாக வாடகைக்காரரையும் புதிதாக வந்தவரையும், எண்ணாமல் விடக்கூடும் என்பதும் உண்மை. போட்டோ பாஸ் பெயர் மாற்றத்துக்குக் கைமாறிய பணம் பற்றித் தாராவியில் எந்தத் தேநீர்க் கடையிலும் கேட்கலாம். கையால் எழுதிய பட்டியல் தூய்மையானது, இயந்திரம் மாசுபட்டது என்ற எளிய பாகுபாட்டை வரலாறு தாங்காது. லேசர் கையூட்டு வாங்காது என்று ஒரு தாராவிக்காரர் சொன்னால் அதை நான் மறுக்க மாட்டேன்.

1995இல் குடிசைப்பகுதி மறுவாழ்வு ஆணையம் உருவானது. அதன் பிறகு ஒவ்வொரு குடும்பத்தின் வாழ்வையும் தீர்மானித்தது ஒரு தேதி. முதலில் 1995 ஜனவரி 1. பின்னர் 2000 ஜனவரி 1. ‘கட்-ஆஃப்’ என்ற ஆங்கிலச் சொல் தாராவித் தமிழில் ‘ரேஷன்’, ‘சர்வே’ போலவே வேரூன்றிவிட்டது. தகுதி பெற்றோர் பட்டியலுக்கு ‘அனெக்சர்-2’ என்று பெயர். 2004இல் தாராவி மறுமேம்பாட்டுத் திட்டம் ஒப்புதல் பெற்று, 2007இல் உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டபோது கறுப்புக்கொடிப் போராட்டம் நடந்தது. ‘முதலில் எங்களை எண்ணுங்கள், பிறகு திட்டம் போடுங்கள்’ என்பதே அன்றைய வாதத்தின் சாரம். அதன் பின்னரே புனேயைச் சேர்ந்த மஷால் என்னும் அமைப்பின் வழியே விரிவான கணக்கெடுப்பு நடந்தது. ஒப்பந்தம் நிறைவேறாமல் போயிற்று. கணக்கு மட்டும் கோப்பில் தங்கிற்று.

2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலக்கேட்பில் அதானி குழுமம் முன்னிலை பெற்று, 2023 ஜூலையில் அரசு அதனை உறுதி செய்தது. 80 விழுக்காடு பங்கு குழுமத்துக்கு, 20 விழுக்காடு மாநில அரசுக்கு. 2000 ஜனவரி 1க்கு முன்னரே தரைத்தளத்தில் குடியிருந்ததை நிறுவுவோருக்குத் தாராவிக்குள் 350 சதுர அடி வீடு இலவசம். 2000க்கும் 2011க்கும் இடையில் வந்தோருக்குத் தாராவிக்கு வெளியே, 2.5 லட்சம் ரூபாய் விலையில் 300 சதுர அடி. அதன்பின் 2022 நவம்பர் 15 வரை வந்தோருக்கும் மேல்தளங்களில் வாழ்வோருக்கும் வெளியே வாடகை முறையில் வீடு. எண்ணப்படாதவரே இல்லாத திட்டம் என்று இது முன்வைக்கப்படுகிறது. ஒருவகையில் அது சரியே. 1976இன் பட்டியல் விட்டுவிட்ட மேல்மாடிக் குடும்பத்தை இத்திட்டம் காண்கிறது. கண்டு, அதை வெளியே அனுப்பும் வகைக்குள் வைக்கிறது. பார்க்கப்படாமையே அநீதி என்று எண்பதுகளில் எழுதியவர்கள், பார்க்கப்பட்ட பின்னும் அநீதி நிகழக்கூடும் என்பதை இன்னும் கூடுதலாகச் சிந்தித்திருக்க வேண்டும்.

லேசர் அளவீட்டின் இயக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கருவி நொடிக்குப் பல்லாயிரம் ஒளித்துடிப்புகளை அனுப்புகிறது. அவை மோதித் திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவு கணிக்கப்படுகிறது. கிடைப்பது கோடிக்கணக்கான புள்ளிகளின் மேகம். ஒவ்வொரு புள்ளியும் வெளியில் ஓரிடம், அவ்வளவே. அது சுவரா, துணிக்கொடியா, இரு வீடுகளின் நடுச்சுவரா என்று புள்ளிக்குத் தெரியாது. பிரித்துப் பெயரிடுவது வகைப்படுத்தும் மென்பொருளின் பணி. முன்னர் மனிதர் பெயரிட்ட எடுத்துக்காட்டுகளிலிருந்து அத்தகைய மென்பொருள் கற்கிறது. செயற்கை நுண்ணறிவு இத்துறையில் நுழையும் வாசல் அதுவே. தனித்தனிக் கட்டடங்கள் நிற்கும் தெருக்களில் பயின்ற ஒரு கண், சுவரைப் பகிர்ந்து வாழும் ஊரில் எங்கே ஒரு வீடு முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று எவ்வாறு அறியும்? ‘இரண்டு அடுப்பு’ என்பது எந்தப் புள்ளி மேகத்திலும் தெரியாது. தேதியையும் சதுர அடியையும் நிர்ணயித்தது இயந்திரமன்று, அரசு. ஆனால் அத்தேதியின் முரட்டுத்தனத்துக்கு மில்லிமீட்டர்த் துல்லியத்தின் மேனியழகு கிடைத்துவிடுகிறது. வரைபடம் எவ்வளவு நுட்பமோ அவ்வளவுக்கு அதனோடு வாதிடுவது கடினம். கையால் வரைந்த கோணல் வரைபடத்தைப் பார்த்து ‘இது தப்பு’ என்று ஒரு மூதாட்டி சொல்ல முடிந்தது.

முறையீட்டுக்கு வழி இல்லை என்று சொன்னால் அது நேர்மையாகாது. வரைவுப் பட்டியல் வெளியிடப்படுகிறது. ஆட்சேபணைக்கும் மேல்முறையீட்டுக்கும் விதிகள் உள்ளன. ஆயினும் 1986இல் ஆட்சேபணை சந்தில், கூட்டத்தின் நடுவே, அண்டை வீட்டார் சாட்சியாக எழுந்தது. இப்போது அது தனியொருவரின் விண்ணப்பம். கையில் 2000க்கு முந்தைய மின் கட்டண ரசீதோ வாக்காளர் பட்டியல் நகலோ இருந்தாக வேண்டும். 2005 வெள்ளத்தில் காகிதம் இழந்தவருக்கு அண்டை வீட்டாரின் நினைவே ஆவணம். நினைவைப் பதிவேற்றும் பொத்தான் செயலியில் இராது. தாராவி பச்சாவ் ஆந்தோலன் முதலிய அமைப்புகள் கணக்கெடுப்பை எதிர்த்தன. பங்கேற்காதவர் உரிமை இழக்க நேரிடும் என்ற எச்சரிக்கை 2025இல் வந்தது. எண்ணப்பட மறுப்பதும் இப்போது ஒரு வகைக்குள் அடங்கிவிட்டது.

பிறவிடங்களில் இத்தகைய முறை எங்கு கொண்டுசென்றது என்பதற்குத் தொலைவு போக வேண்டியதில்லை. தெலங்கானாவில் ‘சமக்ர வேதிகா’ என்னும் அமைப்பு, பல துறைகளின் பதிவேடுகளை இணைத்து, ஒரே மனிதர் என்று தான் கருதும் பெயர்களைப் பொருத்தி, உணவு அட்டைக்குத் தகுதியற்றோரைக் கண்டறிய முற்பட்டது. ஒரே பெயருடைய இருவரை ஒருவராக்கி, கார் இல்லாதவருக்குக் கார் இருப்பதாகக் காட்டிய பிழைகள் வெளிவந்தன. அம்மாநிலத்தில் அறிவிப்பின்றி நீக்கப்பட்ட லட்சக்கணக்கான அட்டைகளைக் களத்தில் சென்று மறுபரிசீலனை செய்யுமாறு உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. ‘களத்தில் சென்று’ என்ற தொடரை அடிக்கோடிட விழைகிறேன். நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற பெற்றோரை மோசடிக்காரர் என ஐயுற்ற வரித்துறையின் நடைமுறையில், குடியுரிமை ஓர் ஆபத்துக் குறியீடாகக் கையாளப்பட்டது அம்பலமாகி, 2021 ஜனவரியில் அரசே பதவி விலகியது. மார்மிக்கின் பட்டியலை அறிந்தவருக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பெயரைக் கொண்டு மனிதரை ஐயுறுவதற்குக் கணிப்பொறி தேவைப்பட்டதில்லை. கணிப்பொறி அதை விரைவாகவும் முகமின்றியும் செய்தது.

எனக்கு இவை அனைத்தையும்விடக் கவலை தருவது வேறொன்று. அரசின் கணக்கெடுப்பு இயந்திரமாவதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறோம். மக்கள் அமைப்புகளுக்குள்ளேயே அது நிகழும்போது என்ன ஆகும்? கைக்கணினியில் பதிவு செய்து, திரையில் வரைபடமாகக் காட்டி, அறிக்கையை மென்பொருளே எழுதித் தரும் வசதி இன்று எந்தச் சிறு தொண்டு நிறுவனத்துக்கும் எட்டும் தொலைவில் உள்ளது. நிதி தருவோரும் அதையே விரும்புகின்றனர். நேரம் மிச்சமாகும்; பிழை குறையும். மகிளா மிலனின் பெண்கள் மாதக்கணக்கில் வீடுவீடாக ஏறி இறங்கிய வேலை சில நாள்களில் முடியும். ஆனால் அந்த ஏறி இறங்கலே அவர்களை அமைப்பாக்கியது. தினமும் சேமிப்புப் பணம் வாங்க ஒரு பெண் பத்து வீட்டுக்குப் போனபோது, எவர் வீட்டில் நோய், எவர் கணவர் வேலையிழந்தார், எவர் இரவோடிரவாகக் காலி செய்யப் போகிறார் என்பதும் அவளோடு திரும்பி வந்தது. வினாத்தாளில் அதற்கெல்லாம் கட்டம் கிடையாது. எழுத்தறியாத ஒரு நடைபாதைப் பெண் மாநகராட்சி அதிகாரியின் முன்னால் அமர்ந்து, ‘உங்கள் எண் தவறு, எங்கள் எண் இது’ என்று சொல்ல முடிந்தது, அந்த எண்ணை அவளே நடந்து சேர்த்தாள் என்பதால்தான். எண்ணை மென்பொருள் சேர்த்துத் தரும் நாளில் அவள் அதன் பயனாளியாவாள், உடைமையாளராக இரார்.

மாணவர்கள் ஆய்வுத் தலைப்புக் கேட்டு எழுதும்போது, செயற்கை நுண்ணறிவின் சார்புநிலை பற்றி மட்டுமே எழுத விரும்புகிறார்கள். சார்பற்ற, பிழையற்ற ஓர் இயந்திரம் கிடைத்தாலும் எஞ்சி நிற்கும் கேள்வியை எடுத்துக்கொள்ளுமாறு அவர்களிடம் சொல்வதுண்டு. ஓர் அமைப்பில் எந்த உழைப்பு வீண்சுமை, எந்த உழைப்பு அவ்வமைப்பின் உயிர் என்று பிரித்தறிவது எப்படி? அதற்குத் தாராவியின் 1986 கணக்கெடுப்பைப் போல வளமான களம் அரிது. அதில் பங்குகொண்ட முதியவர்களிடம் வாய்மொழி வரலாறு பதிவு செய்ய இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. ஜோக்கின் 2018 அக்டோபர் 13இல் மறைந்தார். மகசேசே விருதையும் பத்மஸ்ரீயையும் பெற்ற அவரைப் பற்றித் தமிழில் முழுமையான ஆய்வு வர வேண்டும். தாராவித் தமிழரைத் திரைப்படம் வழியே மட்டும் அறிந்த ஒரு தலைமுறைக்கு அது கடன்.

ஒரு செய்தியோடு நிறுத்திக்கொள்கிறேன். தாராவிக்குள் வீடு பெறத் தகுதியற்றோர் என்று வகைப்படும் குடும்பங்களுக்காக மாநில அரசு ஒதுக்கிய நிலங்களுள் ஒன்று, செம்பூரை அடுத்த தேவ்னார் குப்பைமேட்டைச் சேர்ந்த சுமார் 125 ஏக்கர். 1976 மே மாதத்தில் ஜனதா காலனியிலிருந்து வண்டிகளில் ஏற்றப்பட்டவர்கள் இறக்கிவிடப்பட்ட சீத்தா கேம்ப், அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.